எறும்பு முட்டையும் புஹாரி நானாவின் போறணையும்

என் வீட்டுக்காரர் மாடசாமிக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம்தான். அந்தக் குணத்தோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். சீமையிலிருந்து மீன் தீனி இறக்குமதி செய்ய அனுமதி கேட்டபோது, வேறு யாராக இருந்தாலும் 'மீன் சாப்பாடு' என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். இவர் 'காய்ந்த எறும்பு முட்டை' என்று எழுதினார். ஏன் என்று கேட்டால், "அதானே கருப்பம்மா, டின்னுக்குள்ள இருக்கு?" என்றார்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் தங்கமீன் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர். பழைய துரை சீமைக்குத் திரும்பும்போது தொட்டிகளையும் மீன்களையும் இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவற்றை வைத்துப் பதுளைக் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை போட்டோம். டாக்டர்மார் மீன் வாங்கினார்கள். பண்டாரவளை ஹோட்டல்காரர் வாங்கினார். லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில் மட்டும் சிரித்தார்கள். நாங்கள் எப்படியும் திரும்பி வந்துவிடுவோம் என்று கங்காணி அங்கே எங்கள் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, யாருக்கும் கொடுக்காமல் பூட்டியே வைத்திருந்தார். மாத முடிவுக்குள் வந்தால் மறுபடி பேர் பதிந்து வேலை தருவாராம். அந்தச் சாவி என் முந்தானை முடிச்சில் கிடந்து என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

துரை விட்டுப்போன தீனி தீர்ந்ததும் பாண் தூளை, கடை ரொட்டித் தூளைப் போட்டோம். தண்ணீர் கலங்கி நாறியது. காலையில் எழுந்தால் ஒன்றிரண்டு மீன் மல்லாந்து கிடக்கும். சீமைத் தீனி வந்தால் கடை நிலைக்கும், வராவிட்டால் லயம்தான். கடைசியில் தீனி வந்தது. ஆனால் தேயிலைப் பகுதிக்குப் போகும் முட்டை என்று கொழும்பில் பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை குத்தி, பதுளை விவசாயக் கந்தோருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த அலுவலகத்தில் அதிகாரியாகக் குமாரசிங்கம் ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கை சுத்தம், சட்டத்தை விட்டு இம்மியும் நகரமாட்டார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா, முட்டை எண்டால் பொரிக்கும். பொரிச்சு வெளியில வந்து தேயிலையைத் திண்டால் ஆர் பதில் சொல்லுறது?"

"காஞ்சு கருவாடாக் கெடக்கிறது எப்படிங்கய்யா பொரிக்கும்?"

"பொரிக்காது எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? சூடு காட்டிச் சாகடிச்ச பிறகுதான் விடலாம். அந்த வசதி கொழும்பிலதான் இருக்கு. இல்லாட்டி எரிக்கவேணும்."

கொழும்புக்குப் போய்த் திரும்புவதற்குள் மாதம் முடிந்துவிடும், மீனும் முடிந்துவிடும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக் காட்டக் கூடாது என்று கத்தினேன். "சூடுதானே வேணும்? கொழும்புச் சூடுதான் வேணும்னு சட்டத்துல எழுதியிருக்கா?"

என் வீட்டுக்காரர் பயந்து என் கையைப் பிடித்து இழுத்தார். குமாரசிங்கம் ஐயா கோபப்படவில்லை. புத்தகத்தைப் புரட்டி நிதானமாக வாசித்தார். "மூடின அறை, அரை மணித்தியாலம் சொன்ன சூடு, அதிகாரி முன்னால. இடம் சொல்லேல்லை." பிறகு என்னைப் பார்த்து, "இடத்தை நீங்கள் காட்டுங்கோ. நான் வாறன்" என்றார்.

நேரே தோட்டத்துக்கு ஓடினேன். என் அண்ணன் ரெங்கசாமி தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கும் அடுப்பில் வேலை செய்தார். கேட்டதும் பதறிவிட்டார். "மீன் வாடையா? தேயிலை எல்லா வாடையையும் இழுத்துக்கும் தங்கச்சி! என் பேரை வெட்டிருவாங்க." போதாக்குறைக்கு, "பேசாம வந்துருங்க, கங்காணி கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கடைத்தெருவில் இறங்கியதும் பாண் வாசனை அடித்தது. புஹாரி நானாவின் பேக்கரி! அவர் பாண் சுடும் போறணையை விட மூடின அறை பதுளையில் ஏது?

"பாண் சுடுற போறணைல மீன் தீனியா? நாறுதுண்டு சனம் வந்தா நான் என்னா சொல்ற புள்ள?" என்றார் நானா.

"டின்னைத் திறக்கவே மாட்டோம் நானா. ஒண்ணு வெடிச்சாலும் நானே உள்ள எறங்கிக் கழுவித் தாரேன்."

மறுநாள் கடைசிப் பாண் எடுத்ததும் தணலை வாரிக் கொட்டினார்கள். குமாரசிங்கம் ஐயா வெப்பமானியோடு வந்து, சூடு அளவுக்கு இறங்கும் வரை காத்திருந்து, முத்திரையை உடைத்தார். டின்கள் உள்ளே போயின. கடைத்தெருவே வாசலில் கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் முருகா முருகா என்று கும்பிட்டார். நான் போறணை மூடியையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

நேரம் முடியப்போகும்போது உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம்.

திறந்து பார்த்தால், ஒரே ஒரு டின்னின் மூடி பறந்திருந்தது. குமாரசிங்கம் ஐயா அதிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார், புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"செத்துப்போச்சு," என்றார். கையெழுத்தும் போட்டார்.

கூட்டம் கைதட்டியது. புஹாரி நானா என்னிடம் ஒரு வாளியை நீட்டினார். சொன்ன சொல் சொன்னதுதானே! போறணை ஆறியதும் உள்ளே இறங்கி, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, தலை முதல் கால் வரை கரியோடு வெளியே வந்தேன். அன்றைக்கு அந்தக் கரி எனக்குப் பட்டுப் புடவை.

கடைக்கு வந்தால் அண்ணன் காத்திருந்தார். "நாளைக்குப் பேர் பதியுறாங்க தங்கச்சி. என்ன சொல்ல?"

நான் தொட்டியைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் டின்னிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் தூவினார். சூட்டில் ருசி கெட்டிருந்தால்? துரை வைத்திருந்த பெரிய சிவப்பு மீன் மெல்ல மேலே வந்து ஒரு முட்டையை வாயில் வாங்கியது, உடனே துப்பியது. அது திரும்பி வந்து அதே முட்டையைக் கவ்வியது, விழுங்கியது, இன்னொன்றுக்குப் பாய்ந்தது. மற்ற மீன்களும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. என் வீட்டுக்காரர் கடைக்குள்ளேயே குதித்தார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, கரிக் கையாலேயே அண்ணன் கையில் வைத்தேன்.

"கங்காணிகிட்ட குடுத்துருண்ணே. காம்பராவை வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லு. சும்மா பூட்டி வெச்சா கறையான் புடிச்சிரும்."