ஒட்டிய பக்கம்

"மிஸ், கன்னுக்குட்டிய மாட்டு வயித்துக்குள்ள யாரு வச்சாங்க?"

ஆறாம் வகுப்பில், சுகாதாரப் பாடத்தின் நடுவே, பதினோரு வயதுப் பொன்னம்மா இப்படிக் கேட்டாள். அன்று விடியற்காலையில்தான் அவர்கள் வீட்டு மாடு ஈன்றிருந்தது. பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஆசிரியை தெய்வானைக்குக் காது மடல்வரை சுட்டது. கேட்டவளை முற்றத்துக்கு இழுத்துப்போய், மணி அடிக்கும்வரை கருங்கல் சல்லியில் முழங்காலிட வைத்தாள். அன்றிலிருந்து பள்ளி முழுவதும் பொன்னம்மாவுக்கு 'தி வோ' என்று பெயர். தீவின் கிரயோல் மொழியில் கன்றுக்குட்டி.

பள்ளி விட்டதும் தெய்வானை மாவுப் பசை காய்ச்சி, சுகாதாரப் புத்தகத்தில் படத்தோடு இருந்த இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒட்டினாள். அந்தப் பக்கங்களை அவளும் படித்ததில்லை. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது, மணமாகவில்லை. பிள்ளைகளைக் கெடாமல் காத்துவிட்டோம் என்று நம்பி, வழக்கம்போல் முருகனுக்கு விளக்கேற்றினாள்.

மூன்று வருடம் கழிந்தது. தீவைப் பெரும் புயல்கள் தாக்குவதற்கு முந்தைய வருடத் தைப்பூசம். அவர்கள் ஊரான செமின் கிரனியேயின் முருகன் கோவிலில் பத்து நாள் விரதக் கொடி ஏறியது. பொன்னம்மா பள்ளியை விட்டுவிட்டு, கரும்புத் தோட்டத்துக் கங்காணியான 'சர்தார்' விநாயகம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாய் கோவிந்தம்மாவின் இருமல் தீர வேண்டும் என்று பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள்.

கோவிந்தம்மாவுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. விரதத்தின் நடுவில் மகள் 'ஒதுங்க' நேர்ந்தால் வேண்டுதல் முறிந்துவிடும். பத்து நாளும் அப்படி எதுவும் நேரவில்லை.

"முருகனே நிறுத்தி வச்சிருக்கான்!" என்று குழாயடியில் எல்லோரிடமும் சொன்னாள். "எம்பொண்ணு அவ்வளவு சுத்தம்." மகள் காலையில் வாந்தி எடுத்தபோதும், "வெறும் வயித்து விரதம், அப்படித்தான் இருக்கும்" என்றாள். வயது வந்த முதல் வருடம். கணக்கு முன்பின்னாகத்தான் இருக்கும் என்று அதற்கு முந்தைய மாதங்களையும் அவள் கேட்கவில்லை.

தைப்பூசத்தன்று ஆற்றில் முழுகி, ஈர மஞ்சள் சேலையோடு, கொதிக்கும் தார்ச் சாலையில் மூன்று மைல் நடந்தார்கள். கோவிலில் பூசாரி ஒவ்வொரு செம்பாகத் திறந்தார். பால் திரியாமல் இருந்தால் விரதம் பலித்தது என்று அர்த்தம். அன்று நான்கு செம்புகளில் பால் திரிந்திருந்தது. முதல் மூன்றுக்கும், "வெயில் அதிகம்" என்று சிரித்துவிட்டார்கள். நான்காவது பொன்னம்மாவுடையது. அவள் செம்பை இறக்கியபோது ஈரச் சேலை வயிற்றோடு ஒட்டியது.

"அடியே கோவிந்தம்மா," என்றாள் ஒருத்தி, "உம்மக இடுப்புல இன்னொரு குடம் இருக்கே!"

காவடிப் பாட்டு நின்றது. தாய் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அறைந்தாள்.

"யாருடி?"

"யாரு என்னம்மா?"

"உன்ன யாரு தொட்டான்?"

பொன்னம்மா, கடைக்கு வழி கேட்டவருக்குக் காட்டுவதுபோலக் கையை நீட்டினாள். "சர்தார் மாமா. சும்மா இருன்னாரு. சும்மா இருந்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள். விநாயகம் பூக்காவடியைத் தோளில் சுமந்து, நாக்கில் வெள்ளி அலகோடு நின்றார். அலகு குத்தியவர் பேசக் கூடாது.

"மவுனத்துல இருக்கிற மனுசன்கிட்டயா கேக்கறது?" என்றார் கோவில் சங்கத் தலைவர் ராமச்சந்திரன். "சாமி குத்தம் ஆயிடும்."

யாரும் கேட்கவில்லை. அலகு எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் பெண் பொய் சொல்கிறாள் என்று முடிவாகிவிட்டது. அவள் பாலை வாய்க்காலில் கொட்டினார்கள். அவள் நின்ற இடத்தை மஞ்சள் நீரால் கழுவினார்கள். அலகு எடுத்ததும் விநாயகம் எலுமிச்சைத் தண்ணீர் கேட்டார். ஓடிப்போய்க் கொடுத்தார்கள்.

பெண்கள் வரிசையில் நின்ற தெய்வானையைப் பொன்னம்மா கண்டுகொண்டாள்.

"மிஸ், நீங்களாவது சொல்லுங்க. எனக்குள்ள என்ன இருக்கு?"

ஊரே தெய்வானையைப் பார்த்தது. அவள் தலை குனிந்துகொண்டாள்.

"தி வோ!" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

மறுநாளே பொன்னம்மாவைத் தீவின் மறுகோடியில், குட்லண்ட்ஸில் ஒரு தூரத்து அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் தெய்வானையால் விளக்கேற்ற முடியவில்லை. திரியைத் தொட்டால் அந்தக் கேள்வி வந்து நின்றது. ஏப்ரல் விடுமுறை தொடங்கியதும், தலையை மூடிக்கொண்டு கிரயோல் மருத்துவச்சி ஒதில் வீட்டுக்குப் போனாள்.

"பிள்ளை எப்படி உண்டாகுது, எப்படி வெளிய வருது? எல்லாம் எனக்குச் சொல்லணும்."

ஒதில் வயிறு குலுங்கச் சிரித்தாள். "மிஸ், இருபத்தொன்பது வயசு! ஊருக்கே பாடம் சொல்ற, இது தெரியாதா?"

"தெரியாது."

ஒதிலின் சிரிப்பு அடங்கியது. அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். புறப்படும்போது, குழந்தைக்கென்று பழைய துணிகளைத் துவைத்து மடித்த மூட்டை ஒன்றையும் கொடுத்தாள்.

அன்று மாலை தெய்வானை ஒட்டிய பக்கங்களை வெந்நீர் தொட்டுப் பிரித்தாள். ஓரம் கிழிந்தது. எழுத்து பிழைத்தது.

புத்தகமும் துணி மூட்டையுமாகக் குட்லண்ட்ஸுக்கு மூன்று பஸ் மாறினாள். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்னால ஆட்டுக்கொட்டகை பக்கம் இருக்கா. கத்தி எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருக்கா, கழுதை. கரும்புக் கத்தியால வயித்தப் பொளந்துதான் பிள்ளைய எடுப்பாங்கன்னு சொன்னேன். சும்மாதான் சொன்னேன்." கடைக்குப் போவதாகக் கூடையை எடுத்துக்கொண்டு அவள் வெளியேறினாள்.

பொன்னம்மா சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். கைகள் மெலிந்திருந்தன, வயிறு மட்டும் பெரிது. தெய்வானை அவள் எதிரே, சரளைத் தரையில் முழங்காலிட்டாள்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டே. பதில் கொண்டு வந்திருக்கேன்."

படத்தை மடியில் விரித்து, எல்லாவற்றையும் அதனதன் பெயரோடு சொன்னாள். எங்கே வளர்கிறது, எந்த வழியாக வரும், எப்போது மூச்சை அடக்க வேண்டும், எப்போது விட வேண்டும். சொல்லக் கூசிய சொற்களை மறுபடி சொன்னாள்.

"கத்தி வேண்டாமா?"

"வேண்டாம். தொப்புள்கொடிய வெட்ட மட்டுந்தான். அது உனக்கு வலிக்காது."

"மத்தது வலிக்குமா?"

"வலிக்கும். நீ சாகப்போறதா நெனச்சுப் பயந்துடாதே. பிள்ளை வர்ற வலி அது."

பொன்னம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். விரலால் அதன் கோட்டைத் தடவினாள்.

"சர்தார் மாமா செஞ்சதாலதானா, மிஸ்?"

"ஆமா. அவரு செஞ்ச குத்தம். உன்னோடது இல்ல."

"இது தெரிஞ்சிருந்தா நான் அந்த வீட்டுக்குள்ளயே போயிருக்க மாட்டேனே."

தெய்வானை துணி மூட்டையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சாக்கின் அடியிலிருந்து பொன்னம்மா ஒவ்வொன்றாக மூன்று கத்திகளை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு சாக்கின் பாதியை ஆசிரியையின் பக்கம் தள்ளினாள்.

"இதுல உக்காருங்க மிஸ். கல்லு குத்தும். எனக்குத் தெரியும்."

"இருக்கட்டும். இன்னும் என்ன கேக்கணுமோ கேளு."

பொன்னம்மா கேட்டாள். வெயில் ஆட்டுக்கொட்டகையைத் தாண்டிப் போகும்வரை, ஒன்று விடாமல் கேட்டாள். தெய்வானை முழங்காலை எடுக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.