மஞ்சள் தோட்டா

தேர்தலுக்கு மூன்றே நாள். பைன் ஓடைத் துப்பாக்கிச் சங்கத்தின் வான்கோழிப் போட்டிக்கு அந்தச் சனிக்கிழமை காலை ஊரே திரண்டு வந்திருந்தது. சோளம் அறுத்த வயல்வரை வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் ஒரு வேட்பாளரின் பெயர். தீயணைப்புச் சங்கத்துப் பெண்கள் அண்டாவில் கோழியும் சோளமும் போட்டு சூப் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்குக் கட்சி பேதம் கிடையாது.

போட்டி எளிமையானது. முப்பது கெஜத்துக்கு அப்பால் ஓர் அட்டை, அட்டை நடுவே ஒரு பெருக்கல் குறி. ஆளுக்கு ஒரு தோட்டா. வெடித்துச் சிதறும் ரவைகளில் எவருடையது குறிக்கு மிக அருகில் விழுகிறதோ, அவருக்கு ஓர் உறைந்த வான்கோழி. சட்டமன்றத்துக்கு நிற்பவர்கள் இருவரும் கடைசிச் சனிக்கிழமையன்று இங்கே வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று சுடவேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் வராதவருக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஓட்டு விழாது.

வென்டெல் ஸ்ட்ரோஹெக்கருக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர், குடியரசுக் கட்சி வேட்பாளர். இரண்டு மாதமாக ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே வசனத்தைத்தான் பேசிவந்தார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். இன்றைக்கும் வண்டியின் பின்பலகையில் ஏறி நின்று அதையே முழங்கினார்.

"நாப்பத்தஞ்சு வருஷமா துப்பாக்கி தூக்கறேன்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் கை தப்பினதில்ல! நம்ம வீட்டுத் துப்பாக்கிய எங்க வைக்கணும், எப்படி வைக்கணும்னு நமக்கு எவனாவது பாடம் எடுக்கணுமா?"

"வேண்டாம்!" என்று கூட்டம் இரைந்தது.

"எடுக்கணும்னு சொல்றவங்க அங்க நிக்கறாங்க பாருங்க!" என்று வென்டெலின் மைத்துனன் கிளீட் கையை நீட்டினான். பிரசாரம் முழுவதும் அவன் கையில்தான். போனைத் தூக்கிப் பிடித்தபடியே நடப்பான். இரண்டு மாதமாக யாரும் அவன் முழு முகத்தைப் பார்த்ததில்லை.

அவன் கை காட்டிய இடத்தில் ஆர்டித் மோயர் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நர்ஸ், ஜனநாயகக் கட்சி வேட்பாளர். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பூட்டித்தான் வைக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவருவேன் என்பது அவள் வாக்குறுதி. அவளும் வென்டெலும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். தேர்தலில் எதிரெதிராக இறங்கிய போன வசந்தத்திலிருந்து அவர் இடப்பக்க பெஞ்சிலும் அவள் வலப்பக்க பெஞ்சிலுமாக உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

"என்ன ஆர்டித், துப்பாக்கி கொண்டுவந்தியா, இல்ல பூட்டிட்டுச் சாவியத் தொலைச்சிட்டியா?" என்றார் வென்டெல்.

"சாவி என் கழுத்துலதான் இருக்கு. உன் வாய்க்கும் ஒண்ணு செஞ்சு தரேன், வா" என்றாள் அவள். இரண்டு கட்சிக்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

கள அதிகாரி ஹார்லன் டப்ஸ் மேசையிலிருந்து ஆளுக்கொரு தோட்டா கொடுத்தார். எல்லாமே சிவப்புத் தோட்டா, 'பன்னிரண்டு போர்' என்ற பெரிய அளவு. எவரும் சொந்தத் தோட்டா போடக்கூடாது என்பது சங்கத்தின் விதி. பிறகு அவர் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார்: "யாரு வேணும்னாலும் 'நிறுத்து'ன்னு கத்தலாம். கத்தினா எல்லாத் துப்பாக்கியும் அந்த நிமிஷமே திறந்து கீழ வச்சிடணும். ஆனா காரணமில்லாம கத்தினா, கத்தினவங்களுக்குச் சுடற வாய்ப்பு போச்சு."

வேட்பாளர்கள் இருவரும் மற்றவர்களோடு சுடும் இடத்து வெள்ளைக் கோட்டருகே போய் நின்றார்கள். கூட்டம் இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிக் கூவியது. வென்டெலுக்குக் காது அடைத்தது. தலையைத் திருப்பிக் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே, மறுகையை மேலங்கிப் பைக்குள் விட்டு, விரலில் பட்ட தோட்டாவை எடுத்துக் குழலில் போட்டு மூடினார். குறி பார்த்தார். விசையை இழுத்தார்.

க்ளிக்.

தோட்டா வெடிக்கவில்லை. அப்புறம் வெடிச்சிரிப்பு.

"துப்பாக்கியே கட்சி மாறிடுச்சு டோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

வென்டெலின் முகம் சிவந்தது. துப்பாக்கியை மடக்கித் திறந்தார். தோட்டா வெளியே வரவில்லை. போடவே மறந்துவிட்டேனா? பேச்சு மும்முரத்தில் அப்படியும் இருக்கும். மீண்டும் பைக்குள் கைவிட்டார். சிவப்புத் தோட்டா கிடைத்தது. "போடாமலே சுட்டா அது ஜனநாயகக் கட்சித் துப்பாக்கி!" என்று சத்தமாகச் சொல்லிச் சமாளித்தபடி அதைப் போட்டு மூடித் தோளுக்கு ஏற்றினார்.

"நிறுத்து!"

ஆர்டித்தின் குரல். பள்ளி மைதானத்தில் அடிபட்ட பிள்ளையை நோக்கி ஓடும்போது வரும் குரல் அது. கோடு முழுவதும் துப்பாக்கிகள் திறந்து தரையில் இறங்கின. நாற்பத்தைந்து வருஷப் பழக்கம், வென்டெலின் கையும் தானாகத் துப்பாக்கியைத் திறந்து சிவப்புத் தோட்டாவை வெளியே எடுத்தது.

அவள் அருகில் வந்தாள். உதடு அசையாமல் சொன்னாள்: "குழலுக்குள்ள பாரு. முதல்ல நீ போட்டது மஞ்சள்."

அவர் பார்த்தார். குழலில் வெளிச்சம் வரவில்லை.

இருபது போர் தோட்டா மஞ்சளாகத்தான் இருக்கும், அளவில் சின்னது. பன்னிரண்டு போர் குழலில் போட்டால் வழுக்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னாலேயே ஒரு சிவப்பைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். கை போகும், கண் போகும், சில சமயம் ஆளே போய்விடும். தவறிக்கூட இரண்டும் கலந்துவிடக்கூடாது என்றுதான் அதற்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை மகளோடு அணில் வேட்டைக்குப் போனபோது அவளுடைய சின்னத் துப்பாக்கியின் தோட்டா ஒன்று அவர் பையில் தங்கிவிட்டிருந்தது.

"காரணம் சொல்லும்மா" என்றார் ஹார்லன்.

ஆர்டித் வென்டெலைப் பார்த்தாள். அவர் வாய் திறக்கவில்லை.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிடுச்சு" என்றாள் அவள். அது பொய்யில்லை.

கூட்டம் அவளைப் பிய்த்து உதறியது. "துப்பாக்கியப் பாத்தாலே பயமா? வீட்டுக்குப் போம்மா!" "சட்டசபைக்குப் போனாலும் இதையேதான் கத்தப்போறா!" அவள் தலைகுனிந்து தன் சிவப்புத் தோட்டாவை ஹார்லனின் மேசையில் திருப்பி வைத்தாள். அவள் வாய்ப்பு போனது.

வென்டெல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சூப் கொட்டகைக்குப் பின்னால் போனார். குழல் துடைக்கும் கம்பியை விட்டுத் தள்ளினார். மஞ்சள் தோட்டா உள்ளங்கையில் விழுந்தது. கர்த்தரே என்றார்.

கிளீட் ஓடிவந்தான். சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "மச்சான், ஜெயிச்சாச்சு! அவ அலறினது போன்ல முழுசா விழுந்திருக்கு. போட்டுட்டேன். பத்து நிமிஷத்துல ரெண்டாயிரம் பேர் பாத்தாச்சு!"

வென்டெல் கையை மூடிக்கொண்டார். "சரி" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிறகு பல நாள் அவர் நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

கிளீட் போனதும் கொட்டகையின் மரத்தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது. ஆர்டித்தின் கட்சிக்காரி.

"அக்கா, என் போன்ல தெளிவா இருக்கு. அவர் விரல் நடுவுல மஞ்சள். பெரிசு பண்ணினா குருடனுக்கும் தெரியும். 'நாப்பத்தஞ்சு வருஷம் கை தப்பல'ன்னு அவர் பேசினதையும் சேர்த்துப் போட்டா, ஆள் அவ்வளவுதான். போடவா?"

"வேண்டாம்."

"ஏங்க்கா! அவங்க ஆளு உங்களப் போட்டுக் கிழிக்கறான்!"

"வென்டெல் பெண்டாட்டியும் அதப் பார்ப்பா. அவன் கை போயிருக்கும்னு அவ போன்ல பாத்துத் தெரிஞ்சுக்கணுமா? வேண்டாம். வேணும்னா அவனே சொல்லுவான்."

"சொல்லலன்னா?"

"சூப் ஆறுது, குடி" என்றாள் ஆர்டித்.

வென்டெல் அங்கேயே நின்றார். வயலில் வண்டிகள் கிளம்ப ஆரம்பித்திருந்தன. பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டவர்கள் போனில் அதையே மறுபடி பார்த்துச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இன்னும் மூன்று நாள் பேசாமல் இருந்தால் போதும், இடம் அவருக்குத்தான். பேசினால், ஒவ்வொரு மேடையிலும் தட்டிக்கொண்ட அந்த மார்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மூடிய கைக்குள் தோட்டா சூடாகியிருந்தது. அவர் மைக் இருந்த மேசைக்கு நடந்தார். நடந்தார் என்பதுகூடச் சரியில்லை, கடைசியில் ஓடினார்.

"போகாதீங்க! வண்டிய நிறுத்துங்க!"

பரிசளிப்பு என்று நினைத்துக் கூட்டம் திரும்பியது. அவர் மஞ்சள் தோட்டாவை உயர்த்திப் பிடித்தார்.

"இது என் குழலுக்குள்ள இருந்தது. நான்தான் போட்டேன். அதுக்குப் பின்னால சிவப்பையும் போட்டேன். ஆர்டித் கத்தலன்னா, இந்தக் கை இப்ப உங்க சூப்புல கிடக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

"அவங்க பயந்தது துப்பாக்கிக்கு இல்ல. எனக்காக. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீங்க ஏசறப்ப நான் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். கை தப்பினத விட இது பெரிய தப்பு."

"மச்சான், மைக்க வை! வச்சிடு மச்சான்!" என்று கிளீட் பல்லைக் கடித்தான்.

"சும்மா இருடா. போன்ல போட்டத எடு. எடுத்துட்டு இதைப் போடு." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அவங்க கொண்டுவர்ற சட்டத்த நான் எதிர்ப்பேன். நேத்தும் எதிர்த்தேன், நாளைக்கும் எதிர்ப்பேன். அது வேற. ஹார்லன், அவங்க காரணமில்லாம கத்தல. அவங்க தோட்டாவத் திருப்பிக் குடுங்க."

பின்வரிசையில் தேவாலயத்து ஆர்கன் வாசிக்கும் திருமதி ஃபென்ஸ்டர்மாகர் கைதட்டினார். எண்பது வயது. "எங்க வீட்டுக்காரரும் ஒருதடவை இதே மாதிரி போட்டாரு. நாய் குலைச்சதால தப்பிச்சாரு!" என்று கத்தினார். அதற்கப்புறம்தான் கூட்டம் மூச்சுவிட்டது. ஒருவர் பின் ஒருவராக, எனக்கும் ஒருதடவை, எங்க அண்ணனுக்கும் ஒருதடவை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷம் ஒருவருக்கொருவர் மறைத்துவைத்திருந்த கதைகள். குடியரசுக் கட்சிச் சிவப்புத் தொப்பிக்காரர்களும் ஜனநாயகக் கட்சி நீலத் தொப்பிக்காரர்களும் ஒரே குரலில் கூவ, ஆர்டித் கோட்டுக்கு வந்தாள், சுட்டாள். அட்டை கிழிந்து பறந்தது. குறிக்கு அரை விரற்கடை தள்ளி ஒரு ரவை. ஆனால் அதைவிட அருகில் காலையிலேயே திருமதி ஃபென்ஸ்டர்மாகர் போட்டுவிட்டிருந்தார். வான்கோழி அவருக்கே போனது.

செவ்வாய்க்கிழமை எண்ணி முடித்தபோது வென்டெல் முப்பத்தேழு ஓட்டில் ஜெயித்திருந்தார். கடை நிறைய ஆட்கள், ஆரவாரம். "மைக்குல உண்மையச் சொல்லச் சொன்னதே நான்தான்!" என்று கிளீட் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வென்டெலும் கத்தினார், கட்டிப்பிடித்தார், அழுதார். ஆனாலும் சனிக்கிழமை அவர் மைக்கில் பேசுவதற்கு முன்பே கிளம்பிப்போன வண்டிகள் கண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் முப்பத்தேழு பேர் இருந்திருக்க மாட்டார்களா?

போன் அடித்தது. தோற்றவர் ஜெயித்தவரைக் கூப்பிட்டு வாழ்த்துவது வழக்கம். தீவன மூட்டைகளுக்கு நடுவே போய் நின்று எடுத்தார்.

"வாழ்த்துக்கள் வென்டெல்."

"ஆர்டித், நான் அந்த ஒரு மணி நேரம் வாயத் திறக்காம..."

"ஒரு மணி நேரமெல்லாம் இல்ல. நாப்பது நிமிஷம். நான் கடிகாரத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "உன் சட்டத்துக்கு நான் எதிராத்தான் கை தூக்குவேன்."

"தெரியும். தூக்கறதுக்கு முன்னால நான் உன் ஆபீசுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசுவேன். நடுவுல குறுக்க பேசக்கூடாது."

"வா. ரெண்டு மணி நேரமாவே பேசு. காபி போட்டு வைக்கறேன்."

"உன் காபியா? அதுக்கு நான் தோத்ததே மேல்" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வலப்பக்க பெஞ்சில் இடமிருக்கிறது, மனைவியையும் கூட்டி வா என்றாள்.