பச்சைச் செற்றி

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்து வைக்கக் குனிந்த மரியநாயகி, கடிதத்தோடு வீட்டு முகவர் அனுப்பியிருந்த படத்தில் அந்தப் பச்சைச் செற்றியை, தான் சாய்ந்துகிடந்த நீள மெத்தை இருக்கையைக் கண்டாள். கைப்பிடியில் தையல் விட்ட இடத்தை மூடி ஒரு வெள்ளைப் பின்னல் துணி. அதில் பழுப்பாக ஒரு கோப்பிக் கறை. அது அவள் கைதவறி ஊற்றிய கோப்பி.

"இது மரூஷான்ர வீடெல்லே?"

புருஷன் கிறிஸ்துநாயகம் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எங்கட வீடு."

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர்களுக்கு, ஊர்க் கோயிலின் புனிதர் யாகப்பர் வீட்டு ஆள் மாதிரி. அவருடைய கல்லறை இருக்கும் ஸ்பானியப் பழைய நகரம் சந்தியாகோவுக்கு, இரண்டு வருடத்துக்கு முதல், லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஐம்பது பேரை யாத்திரை கூட்டிப்போனார் கிறிஸ்துநாயகம். ஊர்ச் சங்கத் தலைவர் அல்லவா, தனியாகப் போவாரா? கடைசி நாள் நடையில் மரியநாயகிக்குப் பாதம் கொப்புளித்து, காய்ச்சலும் சேர்ந்து, ஒரு வாசற்படியில் இருந்துவிட்டாள். அவள் வயதுக்காரி ஒருத்தி கதவைத் திறந்தாள். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. செற்றியில் சாய்த்து, சப்பாத்தைத் தன் கையாலேயே கழற்றி, உப்புத் தண்ணீர்ப் பேசினில் காலை எடுத்து வைத்தாள். அவள்தான் மரூஷா. போனில் மொழிபெயர்த்துப் பேசினார்கள். தெரு முழுக்க யாத்திரிகர் விடுதியும் நினைவுப்பொருள் கடையும்தானாம். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க அரைமணி நடக்கவேண்டுமாம். படுக்கையில் கிடக்கும் புருஷனோடு வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டையும் சொந்தக்காரன் விற்கப்போகிறானாம். மரியநாயகி அவளுக்காகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

அவ்வளவு நேரமும் கிறிஸ்துநாயகம் அறைக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார். மனுசன் பதறிப்போய் நடக்கிறார் என்று அவள் உருகிப்போனாள். அவர் காலடியால் வீட்டை அளந்திருக்கிறார்.

பிறகு, ஸ்பெயினில் ஒரு வீடு என்று சொல்லி ஒரு கட்டுக் கடுதாசி நீட்டினார். முப்பத்தைந்து வருடமாக அவர் காட்டிய இடத்தில் வைத்த கையெழுத்தை அன்றும் வைத்தாள். இன்றைய கடிதம் மரூஷாவின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம் என்கிறது. வீடு இருவர் பேரிலும் இருப்பதால் இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

"அந்த மனுசி எனக்குக் கால் கழுவினவள்."

"அதுக்கு? யாத்திரை ஆக்களுக்கு அறைக்கு நாலு கட்டில் போடலாம். யாகப்பர் காட்டின வீடு."

"யாகப்பரை இதுக்குள்ள இழுக்காதையுங்கோ. நான் காய்ச்சலில கிடக்க நீங்கள் வீட்டை அளந்தனீங்கள்."

"வாயைப் பொத்து. சங்கத்து ஆக்கள் மூண்டு மணிக்கு வருகினம். யாத்திரை விடுதி வாங்கியிருக்கிறம் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். வை கையெழுத்தை."

வெட்கம்கெட்ட மனுசன். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெறுத்தது. அதைவிடத் தன் மேல்தான் வெறுப்புக் கூட வந்தது. வாசிக்காமல் வைத்த கை தன்னுடைய கைதானே.

எழும்பிக் குசினிக்குப் போனாள். கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. வழிக்கு வந்துவிட்டாள், தேத்தண்ணி வருகிறது என்று நினைத்து அவர் பேனையின் மூடியைக் கழற்றி வைத்தார். வந்தது நீலப் பேசின். அதை மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் வைத்து, உப்பை அள்ளிப் போட்டு, கதிரையை இழுத்து, சீலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காலை உள்ளே விட்டாள்.

"என்னடி இது கூத்து? எழும்பு."

"ஆக்கள் வரட்டும். காலுக்கு என்னெண்டு கேப்பினம்தானே. சொல்லுறன்."

வாசல் மணி அடித்தது. கிறிஸ்துநாயகம் பேனையோடு எழும்பினார். கதவைத் திறக்கவேண்டுமென்றால் பேசினைத் தாண்டவேண்டும். வெளியே சங்கத்து டொலறஸ் மாமியின் சிரிப்பு. மணி திரும்பவும் அடித்தது. தண்ணீரிலிருந்து ஆவி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.