மகிழ்ச்சிக் குழுவின் கடைவாய்ப் பல்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள் கோபம் வந்தால் சிரிப்பாள். இது தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கடந்த பத்தொன்பது நாட்களாக அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

காரணம் அவளுடைய வலைப்பூ. ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அதில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போட்டுவந்தாள். மொத்தம் முன்னூற்றெட்டு. ஆரம்பத்தில் கட்டம் போட்ட நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவாள். கை பழகியதும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகத் திரையிலேயே கட்டம் போட ஆரம்பித்தாள். கணவர் ஒரு தடவை சொன்னார், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள் என்று. அவர் சொல்லி அவள் எதைத்தான் கேட்டிருக்கிறாள்?

பத்தொன்பது நாளுக்கு முன் ஒரு காலையில் பக்கம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஒரே வரி: ‘இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.’ அதைப் படித்ததும் அவள் பதறினாள். தன்னை நினைத்து அல்ல, அக்காவை நினைத்து.

அக்காவும் அவளும் பேசி ஆறு வருடம் ஆகிறது. அப்பாவின் ஆபரேஷனுக்கு இவளைக் கேட்காமல் அக்கா கையெழுத்துப் போட்டாள். அப்பா பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், உறவுக் கூட்டம் மொத்தமும் பார்க்க, ‘நீதான் கொன்னே’ என்று இவள் சொல்லிவிட்டாள். அக்கா அன்றிலிருந்து பேசவே இல்லை. சொன்னது தப்பு என்று இவளுக்கு அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய, போன் செய்து மன்னிப்புக் கேட்கிற ஜாதியா இவள்? புதிர் போட ஆரம்பித்தாள். பத்துக் குறிப்புகளுக்கு நடுவே, அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு மட்டுமே விடை தெரிகிற ஒரு குறிப்பைச் செருகுவாள். ‘தையல் மெஷின் டிராயரில் அப்பா ஒளித்து வைத்தது, நான்கு எழுத்து.’ மற்ற வாசகர்கள் இது அநியாயம் என்று கத்துவார்கள். ‘கறார்’ என்ற பெயரில் ஒரே ஒருவர் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் பின்னூட்டம் போடுவார்: ‘சுருட்டு. ஏழாவது குறிப்பு தப்பு. இனிமேலாவது சரிபார்த்துப் போடவும்.’

வேறு யாராக இருக்க முடியும்? சின்ன வயதில் இவளுடைய வீட்டுப்பாட நோட்டை வாங்கிச் சிவப்பு மையால் கிழித்த அதே கை. அடுத்த சனிக்கிழமை அவளைத் திணற வைத்தே தீருவது என்று வாரம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டம் போடுவாள். கறார் ஒரு வாரமும் தோற்றதில்லை, ஒரு வாரமும் பாராட்டியதில்லை. அக்கா தங்கைக்குள் மிச்சம் இருந்த பேச்சு அவ்வளவுதான். இப்போது அந்தக் கறார் பக்கத்தைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். தங்கை தன்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டாள் என்றுதான் அக்கா நினைப்பாள். அப்படி நினைக்கத்தான் அக்காவுக்குத் தெரியும்.

வலைப்பூவைத் தன் சர்வரில் வைத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனிக்கு அன்றே புகார் எழுதினாள். பதில் வந்தது. ‘உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம். இப்படிக்கு, உங்கள் மகிழ்ச்சிக் குழு.’ நான்காம் நாள், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, கோளாறு உங்கள் பக்கமா என்று பாருங்கள் என்றது குழு. ஏழாம் நாள், பிரவுசரில் சேமித்ததை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள் என்றது. அழித்தாள். மின்சாரக் கட்டணத்திலிருந்து மாமியாரின் மருந்துக் கடை வரை எல்லாப் பாஸ்வேர்டும் சேர்ந்து போனதுதான் மிச்சம். பதினோராம் நாள் அவள் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று தானாகவே மூடப்பட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஒன்று கொடுத்தாள். நன்றி சொன்னார்கள். வேறு கம்பெனிக்கு மாறிவிடு என்றார் கணவர். எதை எடுத்துக்கொண்டு மாறுவது, எல்லாமே அவன்களிடம் அல்லவா இருக்கிறது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இருபதாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி ஒரு மனிதர் மருத்துவமனைக்குள் வந்தார். நாற்பது வயது இருக்கும். மூன்று நாளாகத் தூங்காத கண். இடது கன்னம் பன் போல உப்பியிருந்தது. புது நோயாளிக்கான படிவத்தைக் கொடுத்தாள். நிரப்பித் தந்தார். தொழில் என்ற இடத்தில் ‘வெப் ஹோஸ்டிங், சொந்தமாக’ என்று இருந்தது. மின்னஞ்சல் என்ற இடத்தில் பத்தொன்பது நாளாக அவள் புகார் எழுதிய அதே முகவரி.

அவள் இரண்டு தடவை படித்தாள். குழுவாவது மண்ணாவது. மொத்தக் குழுவும் ஒரு கைக்குட்டையோடு எதிரில் நின்றுகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. பல் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கு வெள்ளைச் சீட்டு, வலியோடு வருகிறவர்களுக்குச் சிவப்புச் சீட்டு. எத்தனை பேர் காத்திருந்தாலும் டாக்டரம்மா சிவப்புச் சீட்டைத்தான் முதலில் கூப்பிடுவார். எந்தச் சீட்டு என்று முடிவு செய்வது வரவேற்பு மேஜை. எட்டு வருட வேலையில் அவள் ஒருமுறைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. இன்றைக்கு டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைச் சீட்டைக் கிழித்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

அரை மணி நேரத்துல முடிஞ்சிடுமா என்று அவர் பல்லைக் கடிக்காமல் கேட்டார். உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம் என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். தன் கடிதத்தைத் தானே படித்தவர் இல்லை போலிருக்கிறது.

பத்து மணிக்கு எழுந்து வந்தார். தனக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போகிறார்களே என்றார். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் பக்கம் ஏதாவது கோளாறா என்று பாருங்கள் என்றாள். பத்தரைக்கு வந்தபோது, வாயைக் கொப்பளித்து, வாசல்வரை போய்விட்டு மறுபடி உள்ளே வந்து பாருங்கள் என்றாள். பாவி மனிதர், நிஜமாகவே கொப்பளித்து, வாசல்வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தார். அவளுக்குப் பத்தொன்பது நாளில் முதன்முறையாகக் காப்பி ருசித்தது.

பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணிக்கு மனசு கேட்கவில்லை. எனக்குச் சுத்தம் செய்கிற வேலைதான், என் முறையை இவருக்குக் கொடுங்கள் என்று மேஜைக்கு வந்து சொன்னாள். விதிமுறையில் இடமில்லை என்றாள் இவள். பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். மனசாட்சி அப்போது லேசாகத் தொண்டையைச் செருமியது. அவள் அக்காவை நினைத்துக்கொண்டாள். மூன்று சனிக்கிழமை. கறார் பக்கத்தைத் திறந்து, அனுமதி இல்லை என்று படித்து, முகம் சுண்டி மூடியிருப்பாள். உட்காரட்டும் இந்த ஆள். நன்றாக உட்காரட்டும்.

பதினொன்றே காலுக்கு மறுபடியும் வந்தார். இந்தத் தடவை மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“பன்னெண்டுக்குள்ள வீட்டுக்குப் போயாகணும்மா. ஒரு வேலை இருக்கு, என்னைத் தவிர யாராலயும் செய்ய முடியாது. போயிட்டு வந்துடட்டுமா?”

“தாராளமா போங்க. சீட்டு ரத்தாயிடும். அடுத்து வியாழக்கிழமைதான்.”

அவர் வாசலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் பல் உள்ளே ஒரு இழுப்பு இழுத்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நாற்காலியில் சரிந்தார். எல்லோருக்கும்தான் அவசர வேலை இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு ஐந்துக்கு டாக்டரம்மா தண்ணீர் குடிக்க வெளியே வந்தவர் அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஏன் வெள்ளைச் சீட்டு என்று கேட்டார். மாறிப்போச்சு டாக்டரம்மா என்று இவள் கூசாமல் சொன்னாள். டாக்டரம்மா அவரைக் கையோடு உள்ளே அழைத்துப் போனார். அரை மணி நேரத்தில் கடைவாய்ப் பல் ஒன்று போய், வாய் நிறையப் பஞ்சோடு மனிதர் வெளியே வந்தார். ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்பது உத்தரவு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்க்கையில் வராது. அவள் மருந்துச் சீட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பத்தொன்பது நாளாக ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள்.

“முன்னூத்தெட்டுப் புதிர். ‘அனுமதி இல்லை’ன்னு வருதுன்னு தெனம் உங்களுக்கு எழுதினவ நான்தான். காலையில உங்களுக்கு வலிச்சீட்டு தராததும் நான்தான். காத்திருக்கிறது எப்படி இருக்கும்னு இப்பவாவது தெரிஞ்சுதா?”

அவர் கோபப்படுவார், பஞ்சைத் துப்பிவிட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு போனை எடுத்து நிதானமாகத் தட்டி, அவள் பக்கம் திருப்பினார்.

‘நீங்களா? பழைய சர்வர் கெட்டுப்போய்விட்டது. அதை வாடகைக்குத் தந்தவர்கள் இன்று பன்னிரண்டு மணிக்கு அழிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லோருடைய ஃபைலையும் எடுத்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். ஆறு பேருடையது மட்டும் பாக்கி. வலியில் திரையைப் பார்க்க முடியவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு பத்து மணிக்குள் வீட்டுக்குப் போய்விட்டால் எடுத்துவிடலாம் என்று வந்தேன். அந்த ஆறில் முதலில் உங்களுடையதைத்தான் எடுக்க இருந்தேன். நீங்கள்தான் அதிகமாகத் திட்டியிருந்தீர்கள்.’

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது.

“இதை முன்னாடியே எழுதியிருக்கலாமில்ல? ஒரு வரி எழுதியிருக்கலாமே?”

அவர் மறுபடி தட்டினார். ‘உண்மையைச் சொன்னால் எல்லோரும் விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள் என்று பயம்.’ பிறகு இன்னொன்றைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு அவருக்கு வந்திருந்த கடிதம். சர்வர் வெற்றிகரமாக அழிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். போகும்போது கை கூப்பியது வேறு அவளுக்கு ஆத்திரமாக வந்தது. திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவின் எண்ணைப் போனில் அழித்து ஆறு வருடம் ஆகிறது, ஆனால் விரலுக்கு மறக்கவில்லை. மணி ஆறேழு தடவை அடித்தது.

“சொல்லு” என்றாள் அக்கா. ஆறு வருடத்துக்குப் பிறகு அவ்வளவுதான்.

சொன்னாள். கம்பெனி தின்றுவிட்டது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம், ஊரே நம்பும். ஆனால் வாயைத் திறந்ததும் வெள்ளைச் சீட்டு, கொப்பளிக்கச் சொன்னது, வாசலுக்கு அனுப்பியது எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. உன்னை நான் தடுக்கவில்லை, அந்த வரி சர்வர் போட்டது என்றாள். அவன் அழிக்கவில்லை, நான்தான் உட்கார வைத்து அழித்தேன் என்றாள். ஆஸ்பத்திரியில் சொன்னதற்கும் சேர்த்து அழுதாள். சிரிப்பு வரவே இல்லை.

அக்கா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன்டி. பேனாவுல விடை போட்டு, தேதி எழுதி, ஃபைல் பண்ணி. ஒண்ணு விடாம.”

“இருக்காக்கா?”

“முந்தாநாள் வரைக்கும் இருந்துச்சு.”

“முந்தாநாளா?”

“மூணு வாரமா ‘உனக்கு அனுமதி இல்லை’ன்னு சொல்றே. எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? உக்காந்து கிழிச்சேன். மொத்தமா கிழிக்க மனசு வரல, ஒவ்வொண்ணா எடுத்துக் கிழிச்சேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு.”

கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா அடுத்த சீட்டைக் கூப்பிட்டார், அனுப்புவதற்கு மேஜையில் ஆள் இல்லாததால் மறுபடியும் கூப்பிட்டார். போனை முதலில் வைக்கிறவள் தானாக இருக்கக் கூடாது என்று இவள் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கமிருந்து அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவளும் வைப்பதாக இல்லை.