சம்பந்தி கடை டார்ச்

வாக்கு கொடுத்தது நான்தான். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், இரு தரப்பு உறவும் சாப்பிட்டு எழுந்த நேரம். சம்பந்தி புதிதாக லைட்டுக் கடை திறந்திருந்தார். அவருடைய அண்ணன் பல் குத்திக்கொண்டே, "பொண்ணு வீட்டுக்காரங்க வாயாலேயே பந்தல் போட்டுருவாங்க, கடைக்குன்னு ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்களுக்கு இனிமே டார்ச்சு, பேட்டரி எல்லாம் சம்பந்தி கடையிலதான்" என்றேன். சிரிப்பு நின்றது. என் மகள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் பத்து வாக்கு கொடுத்திருப்பேன்.

எங்கள் தொழில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது. அடுக்குமாடிகளுக்கு அடியில், ஆலைகளுக்கு அடியில், ஓர் ஆள் நுழையும் வாய் மட்டும் உள்ள தொட்டிகள். உள்ளே இறங்கினால் கையில் இருக்கும் வெளிச்சம்தான் சூரியன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் யாரும் தொட்டிக்குள் இருட்டில் தடவியதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

சம்பந்தி மாதிரிக்கு அனுப்பிய டார்ச்சை என் மகனின் மனைவி, என் மருமகள், சோதித்தாள். எங்கள் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்பவள் அவள். பழைய கடையிலிருந்தும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். ஸ்டோர் அறையின் விளக்கை அணைத்துவிட்டு இரண்டின் வெளிச்சத்தையும் சுவரில் அடித்தாள்.

"எது நல்லாருக்கு மாமா?"

சம்பந்தி டார்ச் கண்ணைப் பறித்தது. சுவரில் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். மற்றது மங்கலான மஞ்சள், சுவர் முழுக்கப் பரவியிருந்தது.

"இதுல என்ன சந்தேகம்? சம்பந்தியோடதுதான்."

"ஈரச் சுவருல அடிச்சா அந்த வெள்ளை திரும்பி நம்ம கண்ணுலயே அடிக்கும். வெடிப்பு தெரியாது. சரி, அதைக்கூட விடுங்க, மூடியைக் கொஞ்சம் திருப்பினா வட்டம் பெருசாகுது. பேட்டரியைத் தூக்கிப் பாருங்க."

இரண்டும் ஒரே அளவு. ஆனால் சம்பந்தி கடை பேட்டரி தக்கையாக இருந்தது. உள்ளே பிடிக்கும் மின்சார அளவு 9900 என்று உறையில் கொட்டை எழுத்து. மற்றதில் 3000 என்று பொடி எழுத்து. மருமகளிடம் ஒரு சார்ஜர் உண்டு. பேட்டரியை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, உள்ளே உண்மையில் எவ்வளவு இருந்தது என்று காட்டிவிடும். மறுநாள் என் மேஜைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூவாயிரம் என்றது மூவாயிரத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்றது ஆயிரத்தைத் தாண்டவே மூச்சு வாங்கியிருந்தது.

"டார்ச்சை மட்டும் அவங்ககிட்ட எடுத்துக்கலாம் மாமா. பேட்டரி வேற இடத்துல வாங்கிக்கலாம்."

போனில் சம்பந்தியிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன சம்பந்தி, பொண்ணை எடுத்துக்கிட்டு நகையை வேற வீட்டுல கேக்குற மாதிரி இருக்கு!" என்று சிரித்தார். "கம்பெனிக்காரன் அச்சடிச்சே போட்டிருக்கான். உங்க மருமக சார்ஜருக்கு வயசாயிருச்சு, மாத்துங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அச்சில் இருப்பதை நம்பும் மனிதர் அவர். அதற்குமேல் நான் பேசினால், பல் குத்திய அண்ணன் சொன்னது உண்மையாகிவிடும். என் மகள் அந்த வீட்டில்தான் தினமும் எழுந்து நடமாட வேண்டும்.

பெட்டிகள் வந்து இறங்கின. சம்பந்தியே வண்டியில் வந்து, முதல் பெட்டியை என் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவர் போனதும் எல்லாவற்றையும் ஸ்டோரின் பின்சுவரோரம் அடுக்கச் சொன்னேன். ஆட்களுக்குப் பழைய கடையிலிருந்தே மஞ்சள் டார்ச் வாங்கிக் கொடுத்தோம்.

எங்கள் மேஸ்திரியை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அவன், "என்னங்க ஐயா, அதெல்லாம் சீதனமா? தொடவே கூடாதா?" என்றான்.

"உன் வேலையைப் பாரு" என்றேன்.

வாக்கும் காப்பாற்றப்பட்டது, ஆட்களும் வெளிச்சத்தில் நின்றார்கள். ஒரு குடும்பத் தலைவன் வேறென்ன செய்வான்? அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை சம்பந்தி முன்னறிவிப்பில்லாமல் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே ஒரு பெரிய மனிதர். பூமிக்கடியில் மின்கேபிள் போகும் சுரங்கப் பாதைகளைப் பராமரிக்கும் காண்ட்ராக்டராம்.

"உக்காருங்க. இவர்தான் நம்ம சம்பந்தி" என்றார் சம்பந்தி, தன் வீடு போல. "என்கிட்டக் கேக்காதீங்க, கடைக்காரன் தன் சரக்கைக் குறை சொல்லுவானா? இவர்கிட்டக் கேளுங்க. ஒரு வார்த்தை மாத்திப் பேசமாட்டார்."

கேபிள்காரர் கை கூப்பினார். "கடையில உங்க படம் பெருசா மாட்டியிருக்கு. ஆட்களைத் தொட்டிக்குள்ள இறக்குற நீங்களே வாங்குறீங்கன்னா அப்புறம் என்ன யோசனைன்னு தோணுச்சு. ஆனாலும் நேர்ல ஒரு தடவை கேட்டுறலாம்னுதான் வந்தேன்."

மருமகளின் மேஜையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எங்க ஆளுங்க காலையில உள்ள போனா மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளிய வருவாங்க. நடுவுல ஏறி வர வழியில்ல. அதுவரைக்கும் பேட்டரி தாங்குமா?"

சம்பந்தி என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் அவர்கள் இருவரும். எழுந்து போகக்கூட இடமில்லை. தாங்கும் என்று சொன்னால் மகள் நன்றாக இருப்பாள். முன்பின் தெரியாத யாரோ சிலர் பூமிக்கடியில் இருட்டில் நிற்பார்கள், என் படத்தை நம்பி. போய்ட்டு வாங்க, அப்புறம் சொல்றேன் என்று நழுவலாம். நழுவுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது.

"தாங்காது" என்றேன்.

சம்பந்தி சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து.

"டார்ச்சுல குறையில்ல. பேட்டரியில எழுதியிருக்கிறது உள்ள இல்ல. வேற பேட்டரி போட்டுக்குங்க."

"அப்ப நீங்க எப்படி..." என்றார் கேபிள்காரர்.

"நாங்க அதைப் பயன்படுத்தல. ஸ்டோர்ல இருக்கு."

கேபிள்காரர் மரியாதையாக எழுந்து, மரியாதையாக வெளியே போய்விட்டார். சம்பந்தி எழவில்லை.

"ஸ்டோர்லயா?"

"ஆமா."

"பெட்டியைப் பிரிக்கவே இல்லையா?"

அவர் நடந்து போய் ஸ்டோர்க் கதவைத் தானே திறந்து பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"சம்பந்தி, அன்னைக்கு போன்லயே வேண்டாம்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாமே. நாலு பேரு சிரிச்சிருப்பாங்க, அவ்வளவுதான். நான் சரக்கைத் திருப்பி அனுப்பியிருப்பேன். நீங்க வாங்கினீங்கன்னு சொல்லித்தான் மறுபடியும் எடுத்தேன். நீங்க வாங்கினீங்கன்னு சொல்லித்தான் ஊரெல்லாம் வித்தேன்." மேஜை மேல் வைத்திருந்த தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். "இப்ப யார் யார் எங்க இருட்டுல நிக்கிறாங்களோ."

மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். தொடாமல் போனார்.

சாயங்காலம் நான் வீட்டில் இருந்தபோது மகள் போனில் கூப்பிட்டாள்.

"மாமா வந்ததும் அந்தப் படத்தைக் கழட்டிட்டாருப்பா. வீட்டுல யாரோடயும் பேசல. வித்த ஆளுங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் போட்டு, பேட்டரியைத் திருப்பிக் கொண்டுவாங்கன்னு சொல்லிக்கிட்டிருக்காரு."

"நீ எப்படிம்மா இருக்க?"

"பெரியமாமா வந்திருக்காரு. கூடத்துல உக்காந்து பல்லு குத்திக்கிட்டிருக்காரு. நான் சமையக்கட்டுல இருக்கேன்."

"நான் வரட்டுமா?"

அவள் பக்கம் ஒரு பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"வந்து என்னப்பா சொல்லுவீங்க? மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வராது. வெறும வந்து நிமிந்து உக்காந்தீங்கன்னா இவங்க எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க."

"நான் சொன்னது உண்மைம்மா."

"உண்மைதாம்ப்பா. யாரு இல்லன்னா?"

போனை வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னதற்கு எங்கள் வீட்டில் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் சம்பந்தி கேட்டது அந்த உண்மையைப் பற்றி அல்ல. அத்தனை மாதம் அது ஸ்டோரில் கிடந்ததைப் பற்றி. அதற்கு என்ன சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?" என்றாள் மருமகள்.

போனால் மகளுக்குக் கஷ்டம், போகாவிட்டாலும் மகளுக்குத்தான் கஷ்டம். கதவைப் பிடித்தபடி, முதுகை வளைக்காமல், அங்கேயே நின்றேன்.