பேயறைந்தாற்போல்

லிஃப்ட் மெக்கானிக் விசாரணை அறிக்கையின் தமிழ்ப் பிரதியோடு மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்கு முன், லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்த இவருடைய மச்சான்மேல் லிஃப்ட் இறங்கிவிட்டது. நிறுத்தும் சுவிட்ச் இவருக்குக் கைக்கெட்டும் தூரம். கை எழவில்லை. நேரில் பார்த்த இன்ஜினியர், இவர் 'அகாஸ்ட்' (aghast) ஆக நின்றார் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா அதை 'வாய்பிளந்து வேடிக்கை பார்த்தார்' என்று தமிழாக்கியிருந்தார்.

பிரேக்தான் பழுது, இவர்மேல் குற்றமில்லை என்று விசாரணை முடிந்துவிட்டது. வீட்டில்தான் முடியவில்லை. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. செத்தது அவளுடைய ஒரே தம்பி.

"நான் வேடிக்கை பார்க்கலம்மா," என்றார்.

அந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. அறுபது பக்கத்தை ஒரே நாளில் முடிக்கிற அவசரத்தில் அகராதியைத் தொடவே இல்லை. இப்போது எடுத்துப் பிரித்தார். பயத்தில் உறைந்துபோவது என்று போட்டிருந்தது. பயமுறுத்துவதைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்ததாம். முதலில் அதில் 'எச்' என்ற எழுத்தே கிடையாது. ஆவியைக் குறிக்கும் 'கோஸ்ட்' (ghost) என்ற சொல்லின் சாயலில் பிற்பாடு ஒட்டிக்கொண்டதாம்.

மெக்கானிக் குனிந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பயம் முதல்ல, ஆவி பிறகா?"

"ஆமா."

"எனக்கும் அப்படித்தாம்மா. அன்னைக்கு வெறும் பயம்தான். காரியம் முடிஞ்ச பிறகுதான் அவன் வர ஆரம்பிச்சான். எந்த சுவிட்சுல கை வச்சாலும் பக்கத்துல நிக்கிறான். ஒண்ணும் சொல்றதில்ல."

அந்த அம்மா பழைய வரியை அடித்து, 'பேயறைந்தாற்போல் நின்றார்' என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். தப்பு தன்னுடையது என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் மனைவி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"என் தம்பி யாரையும் அறைய மாட்டான்," என்றாள்.

"அறையல. சும்மா நிக்கிறான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எங்கே என்று கேட்டாள். அவர் கதவோரத்து சுவிட்ச் பலகையைக் காட்டினார். வெறும் சுவர்தான். அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியான்னு கேளுங்க," என்றாள்.