சேர்மனின் முதலெழுத்து

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மேய்ச்சல்காரி என்று பட்டப்பெயர். காற்றை உறிஞ்சிவிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் தனித்தனி அணுக்களை லேசர் ஒளியால் பிடித்து, கட்டம் கட்டமாக நிறுத்துவது அவள் வேலை. ஒரு காந்தத்துக்குள் நடப்பதை இந்த அணுக்களையே நடிக்க வைத்துப் பார்க்கலாம்; சாதாரணக் கணினியில் போட்டால் கணக்குப் போட்டு மாளாது. அந்த வாரம்தான் அவை சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியிருந்தன.

இயக்குநருக்கு உடனே மூக்கு வேர்த்துவிட்டது.

"நாளைக்கு சேர்மன் வர்றாரு. காந்தம் கீந்தமெல்லாம் ஓரமா வைம்மா. அவரோட முதலெழுத்தை அணுவுல எழுதிக் காட்டு."

"அது ஆராய்ச்சி இல்லையே சார்."

"அதனாலதான் அவருக்குப் புரியும்."

வீட்டில் கணவன் கேட்டான்: "பேர் எழுதவா இவ்வளவு படிச்சே?"

"லேசர் பட்டு ஒரு அணு வீங்கிட்டா, பக்கத்துல இருக்கிறது வீங்கவே முடியாது. எங்க டைரக்டர் பக்கத்துல நிக்கிறவங்க கதியும் அதான்."

மறுநாள் சேர்மன் புகைப்படக்காரரோடு வந்தார். திரையில் அவர் எழுத்து புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தது. மெய்சிலிர்த்துப் போய், 'தொடாதீர்கள்' என்ற பலகைக்குப் பக்கத்திலேயே முழங்கையை ஊன்றிப் படத்துக்குச் சிரித்தார். லேசர் மேசை ஆடியது. புள்ளிகள் அணைந்தன.

"இதான் சார் குவாண்டம்!" என்றார் இயக்குநர், கண் இமைக்காமல். "பார்த்தா மறைஞ்சிடும்!"

சேர்மன் கைதட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

இயக்குநர் விட்டத்தைப் பார்த்தார்.

"இல்ல சார். நீங்க மேசையில சாஞ்சீங்க. எல்லாம் சிதறிடுச்சு."

ஜாடியை உடைத்த பிள்ளைபோல அவர் கையை இழுத்துக்கொண்டார். "திரும்ப நிறுத்த முடியுமா?"

"முடியும். ஆனா இந்தத் தடவை நிஜ வேலையைக் காட்டறேன்."

அணுக்களை மறுபடி பிடித்து நிறுத்தி, லேசரைச் செலுத்தினாள். ஒன்று வீங்க, பக்கத்திலிருந்தது வீங்க முடியாமல் நிற்க, ஒன்றுவிட்டு ஒன்று ஒளிர்ந்து, சதுரங்கப் பலகைபோல விரிந்தது திரை. இவ்வளவு துல்லியமாக அவளே அதுவரை பார்த்ததில்லை.

"பாதி பல்பு ஃப்யூஸா?" என்றார் சேர்மன்.

அவள் சிரித்துவிட்டு, காந்தத்துக்குள் நடப்பதைத்தான் அணுக்கள் நடித்துக் காட்டுகின்றன என்று விளக்கினாள். அவர் நிறையத் தலையாட்டினார்.

'சேர்மன் முன்னிலையில் அடங்கிய அணுக்கள்' என்று செய்தி வந்தது. படத்தில் இயக்குநர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"உன் காது மட்டும் தெரியுது" என்றான் கணவன்.

"நல்ல காதுதானே?" என்றபடி அவள் செருப்பை மாட்டினாள். கட்டத்தில் இன்னும் ஒரு வரிசை சேர்க்க வேண்டியிருந்தது.